பச்சை ஒயர்: ஒரு திருவிழாக் கச்சேரியும் ஒரு பூங்காக் கச்சேரியும்

1. ஃபேடரில் வைத்த விரல்

மிக்ஸரின் மாஸ்டர் ஃபேடரில் என் விரல் இருந்தது. அதைக் கீழே இழுத்தால் ஸ்பீக்கரில் சத்தம் நின்றுவிடும். சத்தம் நின்றால் கிட்டார்காரன் என்ன ஆச்சென்று பார்க்க மைக்கைப் பிடிப்பான். பிடித்தால் செத்துப்போவான். இழுக்காமல் விட்டாலும் இன்னும் கொஞ்ச நேரத்தில் இரண்டாவது சரணம் வரும். கூடப் பாடுவதற்காக அவனே மைக்கிடம் போவான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சென்னையில் ஒரு மாநகராட்சிப் பூங்கா, பத்தடி தூரத்தில் குழந்தைகள் ஊஞ்சல் ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

படப்பையில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருப்பவன் நான். முப்பது வருஷமாகிறது. காதுகுத்து, கட்சிக் கூட்டம், கம்பெனி ஆயுத பூஜை என்று ஒரகடம் வட்டாரத்தில் என் ஸ்பீக்கர் பாக்ஸ் வைக்காத மைதானம் குறைவு. புதிதாக ஆபரேட்டர் வேலைக்கு வருபவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, திருவிழாக் கச்சேரி கஷ்டமா, சிட்டி கச்சேரி கஷ்டமா என்பது. ஒரே பேண்டுக்கு மூன்று வார இடைவெளியில் இரண்டையும் செய்திருக்கிறேன். அதைச் சொல்கிறேன். தொழில் ரகசியம் எதுவும் இல்லை, என் முட்டாள்தனம்தான் இருக்கிறது.

2. பொன்னியம்மன் முன்னால்

பேண்டின் பெயர் 'பி ஷிப்ட்'. நான்கு பேருமே கம்பெனி ஆட்கள். பாடுகிற தேவகி வல்லக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்துப் பெண், சார்ஜர் செய்கிற கம்பெனியில் அசெம்பிளி லைனில் இருக்கிறாள். கிட்டார் வாசிக்கிற இசக்கிமுத்து கோவில்பட்டிக்காரன். ஒரகடத்தில் ஒரு ஹாஸ்டலில் ஆறு பேரோடு ஓர் அறையில் இருந்துகொண்டு கார் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறான். மற்ற இருவர் கீபோர்டு, டிரம் பேடு. நான்கு பேருக்கும் ஒரே நாளில் வார விடுமுறை அமைந்தால்தான் கச்சேரி. அப்படி அமைவது அமாவாசையில் நிலா பார்க்கிற மாதிரி.

தேவகியின் ஊர்ப் பொன்னியம்மனுக்கு ஆடி மாதத்தில் கூழ் வார்ப்பார்கள். அன்று சாயங்காலக் கச்சேரியைத் தேவகி தன் பேண்டுக்கு வாங்கிவிட்டாள். சொந்த ஊரில் முதல் கச்சேரி என்பதால் அவளுக்குக் கைகால் ஓடவில்லை. எனக்கும் ஓடவில்லை, ஆனால் காரணம் வேறு.

திருவிழா என்றாலே எனக்குப் பயம்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மேடை என்பது இரும்பு பேரல்கள் மேல் போட்ட பலகை. அம்மன் சந்நிதிக்கு நேர் எதிரே கட்டியிருந்தார்கள், அதனால் மேடையில் யாரும் செருப்பு போடக்கூடாது என்று கட்டளை. வெறுங்காலும் கரண்டும் சேரவே கூடாது. மத்தியானம் தூறல் வேறு. தார்ப்பாயில் தேங்கிய தண்ணீர் சரிந்து இசக்கியின் கிட்டார் ஆம்ப் மேல், அதாவது கிட்டார் சத்தத்தைப் பெருக்குகிற பெட்டி மேல், கொட்டியது. நாங்கள் துணியால் துடைத்து வெயிலில் வைத்தோம். ஜெனரேட்டர் யாரோ ஒருவருடையது. சீரியல் லைட், அம்மன் கட்-அவுட், கூழ் அண்டாவுக்குப் பக்கத்து ஃபேன், எல்லாம் அதே ஜெனரேட்டரில். கூட்டத்துக்கு நடுவில் என் ஒயர் போகிறது. அதன் மேல் டிராக்டர் போகிறது. அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை. ஒயர் ஒயராகத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் மனைவி கேட்பாள், கச்சேரிக்குப் போகிறாயா, பிரேதப் பரிசோதனைக்குப் போகிறாயா என்று. அவ்வளவு பார்ப்பேன்.

3. சிவப்பு டேப்

ஏழு மணிக்குத் தீபாராதனை முடிந்ததும் ஆரம்பிக்க வேண்டும். ஆறரைக்கு எல்லாவற்றையும் ஆன் செய்தால் பாக்ஸில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். நாங்கள் அதை ஹம் என்போம். கிட்டார் ஆம்ப் ஓர் இடத்தில் எர்த் ஆகிறது, மிக்ஸர் வேறோர் இடத்தில் எர்த் ஆகிறது, இரண்டுக்கும் நடுவில் ஆடியோ ஒயர் ஓடுகிறது என்றால் இந்த இரைச்சல் வரும். முறையாகச் சரிசெய்ய அரை மணி நேரம் வேண்டும். முறையில்லாமல் சரிசெய்ய அரை நிமிஷம் போதும். ஆம்ப்பின் மூன்று பின் பிளக்கைத் திறந்து, பச்சை ஒயரை, அதாவது எர்த் ஒயரை, கழற்றி விட்டுவிடுவது. ஹம் மாயமாகப் போய்விடும். கூடவே, அந்தப் பெட்டியில் எங்காவது கரண்ட் கசிந்தால் அது மண்ணுக்குப் போகிற வழியும் போய்விடும்.

இது தப்பு என்று சவுண்ட்காரன் எல்லாருக்கும் தெரியும். செய்யாத சவுண்ட்காரனை நான் பார்த்ததில்லை.

விழாக் கமிட்டியில் ஒருவர் என் பக்கத்திலேயே நின்றுகொண்டார். "இன்னாபா, வண்டு மாதிரி ம்முனு கத்தினு கீது. சாமி முன்னாடி இப்டியா ஆரம்பிக்கிறது?" என்றார். தேவகியின் அப்பா, சித்தப்பா, பெரியப்பா எல்லாரும் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். தேவகி என்னைப் பார்த்த பார்வையில் அழுகைக்குக் கொஞ்சம்தான் பாக்கி. நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன்.

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. பச்சை ஒயரைக் கழற்றிய பிளக்கில் சிவப்பு டேப் சுற்றுவேன். நிகழ்ச்சி முடிந்ததும் சிவப்பு டேப் எங்கே இருக்கிறதோ அதை முதலில் பிரித்து ஒயரை மாட்டிவிட்டுத்தான் மற்றதை மூட்டை கட்டுவேன். அன்று பெட்டியில் சிவப்பு டேப் தீர்ந்திருந்தது. கையில் கிடைத்த கறுப்பு டேப்பைச் சுற்றினேன். என்னிடம் இருக்கும் பாதி ஒயர்களில் கறுப்பு டேப் சுற்றித்தான் இருக்கிறது. இது எனக்கு நினைவிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கச்சேரி பிரமாதமாகப் போனது. குறிப்பாக இசக்கி. நான்கு வருஷமாக அவன் வாசிப்பைக் கேட்கிறேன், கணக்காக வாசிக்கிற ஆள். அன்று கணக்கெல்லாம் மறந்து வாசித்தான். அவர்களே கட்டிய கம்பெனி பஸ் பாட்டில், இரண்டாவது சரணத்துக்கு முந்தைய இடையிசையில், அவன் ஒரு சுற்று இழுத்தபோது முன் வரிசையில் ஒரு பெண்ணுக்கு அருள் வந்துவிட்டது. கூந்தல் அவிழ ஆடினாள். ஊரே கும்பிட்டது. இசக்கியும் கண்ணை மூடி வாசித்துக்கொண்டே இருந்தான், அவன் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. எனக்கே உடம்பு சிலிர்த்தது.

முடிந்ததும் அவனைத் தூக்காத குறை. விபூதி பூசினார்கள், மாலை போட்டார்கள். மறுநாள் காலை அவனுக்கு ஏ ஷிப்ட் என்பதால், ஒரகடம் போகிற ஒருவரின் வேனில் தன் ஆம்ப்பைத் தானே ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான். நான் ஜெனரேட்டர்காரரோடு கேபிள் சுருட்டிக்கொண்டிருந்தேன். கண்ணில் சிவப்பு டேப் எதுவும் படவில்லை. அதனால் மனத்திலும் எதுவும் படவில்லை. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன். இதை எழுதும்போது அந்தத் தூக்கத்தை நினைத்தால்தான் அதிகம் பயமாக இருக்கிறது.

4. பூங்காவில் பயமே இல்லை

திருவிழா வீடியோவை யாரோ போனில் பார்த்து, அது கைமாறிப் போய், சென்னையில் ஒரு பூங்காவில் நடைப்பயிற்சி செய்கிறவர்களின் சங்கம் இவர்களைக் கூப்பிட்டது. மாதத்தில் ஒரு ஞாயிறு அங்கே இசை நிகழ்ச்சி வைப்பார்களாம். பி ஷிப்டுக்கு ஒரகடத்தைத் தாண்டி இதுதான் முதல் கச்சேரி.

நான் போய்ப் பார்த்ததும் மனம் குளிர்ந்துவிட்டது. வட்டமான சிமெண்ட் மேடை, மேலே கூரை, சுற்றிலும் புல்வெளி. மேடைத் தூணிலேயே மூன்று பின் பிளக் பாயிண்ட். எதிரே நாற்பதடி தூரத்தில் மிக்ஸருக்குத் தனியாக ஒரு பாயிண்ட். இரண்டிலும் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்தேன், அருமையான எர்த். ஜெனரேட்டர் இல்லை, டிராக்டர் இல்லை, குடித்துவிட்டு மேடை ஏறுகிறவர் இல்லை. வெள்ளை ஷூ போட்டவர்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சங்கத்துச் செயலாளர் மட்டும் இரண்டு தரம் வந்து, "சார், வயசானவங்க எல்லாம் இருக்காங்க, சத்தம் கொஞ்சம் அடக்கமா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். சின்ன இடம் என்பதால் கிட்டார் ஆம்ப்பை மிக்ஸரோடு இணைக்காமல் அதன் முன்னால் ஒரு மைக்கை மட்டும் வைத்தேன். ஹம்முக்கே வழியில்லை. இசக்கி தானே ஆம்ப்பைத் தூணில் மாட்டிக்கொண்டான். நான் போய்ப் பார்க்கவில்லை. திருவிழாவில் ஒவ்வொரு பிளக்காகத் தடவிப் பார்த்தவன், அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு விஷயம் மட்டும் கண்ணில் பட்டது. இசக்கி செருப்பைக் கழற்றிப் படிக்குக் கீழே வைத்துவிட்டு ஏறினான். இங்கே எதற்குடா என்று கேட்டேன். "அன்னையிலேருந்து இப்படித்தாண்ணே. வெறுங்காலா நின்னாத்தான் கை வருது" என்றான். இதைக் கேட்டுத் தேவகியும் கழற்றினாள். மற்ற இருவரும் கழற்றினார்கள். ராசி பார்க்கிறார்கள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். மேடையில் ஜமுக்காளம் விரித்திருந்தது, காய்ந்துதான் இருந்தது.

கச்சேரியும் காய்ந்துதான் போனது. திருவிழாவில் விசில் பறந்த இடத்தில் இங்கே அளவாகக் கை தட்டினார்கள். பாதிப் பாட்டில் எழுந்து நடைப்பயிற்சிக்குப் போனார்கள். தேவகியின் குரலில் உற்சாகம் இறங்கிக்கொண்டே போனது. எனக்கு அவர்கள் மேல் பாவமாக இருந்தது. பயம் துளிகூட இல்லை.

5. பதினாறு பார்

கடைசிக்கு முந்தைய பாட்டு, கம்பெனி பஸ் பாட்டு. மணி ஆறு. புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாய்கள் டைமரில் ஓடுபவை போலிருக்கிறது. சுற்றிலும் ஒரே சமயத்தில் 'சர்'ரென்று பீய்ச்சின. அதில் ஒன்று மேடைக்கு நேராகத் திரும்பியிருந்தது. ஜமுக்காளம் நனைந்தது, நான்கு பேரும் நனைந்தார்கள். குழந்தைகள் கத்திக்கொண்டு தண்ணீருக்குள் ஓடின. பெரியவர்கள் சிரித்தார்கள். இவர்கள் பாட்டை நிறுத்தவில்லை. அப்போதுதான் அந்தக் கூட்டம் முதல்முறையாக மனம் விட்டுக் கை தட்டியது. தேவகி முகம் மலர்ந்துவிட்டது. நானும் சிரித்தேன்.

பிறகு, ஆம்ப் நனையுமே என்று பிளாஸ்டிக் கவரை எடுத்தேன். ஆம்ப்பைப் பார்த்தேன். அதிலிருந்து போகும் ஒயரைப் பார்த்தேன். வெள்ளையடித்த தூணில், வெள்ளை பாயிண்டில், கறுப்பு டேப் சுற்றிய பிளக்.

மூன்று வாரம் முன்பு கழற்றிய பச்சை ஒயர் ஒரே நொடியில் நினைவுக்கு வந்தது. அந்த ஆம்ப் மழையில் நனைந்ததும் நினைவுக்கு வந்தது. நனைந்த ஆம்ப்புக்குள் கரண்ட் கசிந்தால் வெளித்தகட்டுக்கு வரும், அங்கிருந்து கிட்டார் ஒயர் வழியாகக் கம்பிக்கு வரும். கம்பி அவன் கையில் இருக்கிறது. திருவிழாவிலாவது ஆம்ப்புக்கும் மிக்ஸருக்கும் நடுவே ஓர் ஒயர் ஓடியது, கசிந்தது அரைகுறையாக அந்த வழியில் போயிருக்கும். இங்கே அதுவும் இல்லை. மைக்கோ என் மிக்ஸர் வழியாக அருமையான எர்த்தில் இருக்கிறது. ஒரு கையில் கரண்ட், உதட்டில் எர்த், காலுக்குக் கீழே ஈர ஜமுக்காளம். நான் மெச்சிக்கொண்ட நல்ல எர்த்தே அவனுக்கு எமனாக நின்றது.

மாஸ்டர் ஃபேடரில் விரல் வைத்தது அப்போதுதான். வாசிப்பவர்களை எனக்குத் தெரியும். சத்தம் போனால் மைக்கைத் தட்டி ஹலோ சொல்வார்கள். கையைக் காட்டினால், என்னண்ணே என்று மைக்கில்தான் கேட்பார்கள். நான் எதைச் செய்தாலும் அவன் அங்கே போவான். இரண்டாவது சரணம் வரும் வரைக்கும் அவனாக மைக்கைத் தொடமாட்டான். முதல் சரணம் முடிந்து இடையிசை தொடங்கியிருந்தது. அது பதினாறு பார், அதாவது பதினாறு தாளச் சுற்று, அரை நிமிஷம் வரும். அது முடிந்தால் அவன் பாட வேண்டும்.

ஃபேடரை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

ஐம்பத்தாறு வயது, இடது முழங்கால் தேய்ந்தது, ஈரப் புல். ஓடும்போது வாய் தானாகப் பார் எண்ணிக்கொண்டிருந்தது. நான்காவது பாரில் செயலாளர் குறுக்கே வந்து என் கையைப் பிடித்தார். சத்தத்தைப் பற்றித்தான் ஏதோ சொன்னார். நான் அவரைத் தள்ளிவிட்டேன், அவர் நாற்காலியோடு சாய்ந்தார். ஏழாவது பாரில் வழுக்கி விழுந்தேன். எழுந்தபோது எண்ணிக்கை விட்டுப்போயிருந்தது. அதைவிடப் பெரிய பயத்தை நான் அனுபவித்ததில்லை. எத்தனை பாக்கி என்று தெரியாது. காதால் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். முப்பது வருஷம் காதை வைத்துப் பிழைத்தவனுக்கு அந்த நிமிஷம் காதில் சொந்த நெஞ்சுதான் அடித்தது.

மேடையைச் சுற்றிக்கொண்டு தூணுக்குப் போனேன். இசக்கி கண்ணை மூடியபடி மைக்கை நோக்கி ஓர் அடி வைத்தான். வாயைத் திறந்துவிட்டான். பிளக்கை எட்டிப் பிடிக்க நேரமில்லை. ஒயரை இரண்டு கையாலும் பிடித்து மொத்த பலத்தோடு இழுத்தேன். பிளக் பிடுங்கிக்கொண்டு வந்து என் நெற்றியில் அடித்தது. அதே சமயம் அவன் உதடு மைக்கில் பட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

பாட்டு வந்தது. கிட்டார் இல்லாமல் அவன் குரல் மட்டும் வந்தது.

6. டெஸ்டர்

கூட்டத்துக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: நல்ல கட்டத்தில் ஒரு கிழவன் ஓடிவந்து, பெரிய மனிதர் ஒருவரைத் தள்ளிவிட்டு, கிட்டாரின் கரண்டைப் பிடுங்கிவிட்டான். கீபோர்டை வைத்துப் பாட்டை எப்படியோ முடித்தார்கள். கடைசிப் பாட்டு நடக்கவில்லை. செயலாளர் முழங்கையைத் தேய்த்துக்கொண்டே, இனி உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டார். அவரிடம் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன், காரணம் சொல்லவில்லை. தேவகி மேடைப் படியிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாண்ணா பண்ணீங்க? இப்பதான் ஜனம் நம்ம பக்கம் வந்துகினு இருந்துச்சு. எங்க ஊர்ல எவ்ளோ நல்லா ஆச்சு, இங்க இப்டி பண்ணிட்டீங்களே" என்று அழுதாள்.

அவளிடம் எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். ஒயர் சூடானது, புகை வந்தது, சவுண்ட்காரன் சொன்னால் யார் மறுப்பார்கள்? ஒரு நிமிஷம் அந்த எண்ணமும் வந்தது. ஆனால் ஆம்ப்பை அவன் திரும்ப ஹாஸ்டலுக்குத் தூக்கிக்கொண்டு போவான். பொய் சொன்னால் அந்தப் பொய்யும் கூடவே போகும்.

தண்ணீர் நின்ற பிறகு, காய்ந்த இடமாகப் பார்த்து, இசக்கியையும் தேவகியையும் தள்ளி நிற்கச் சொன்னேன். கிட்டாரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து ஆம்ப்பை மறுபடி மாட்டினேன். டெஸ்டரைக் கம்பியில் வைத்தேன். விளக்கு பளிச்சென்று எரிந்தது. தேவகி வாயில் கை வைத்துக்கொண்டாள். பிளக்கைக் கழற்றி, டேப்பைப் பிரித்து, தனியாகத் தொங்கிய பச்சை ஒயரைக் காட்டினேன். உன் ஊர்த் திருவிழாவில் ஹம்மை நிறுத்த நான்தான் இதைக் கழற்றினேன், திரும்ப மாட்டவில்லை என்று சொன்னேன். இங்கே நடக்க இருந்தது இங்கே ஆரம்பித்ததல்ல, அந்த நல்ல கச்சேரியிலேயே ஆரம்பித்துவிட்டது என்றேன்.

இசக்கி பயப்படுவான், இல்லை என்னை அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் டெஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப அது கரண்டாண்ணே?" என்றான்.

எது என்று கேட்டேன்.

"அன்னைக்கு வாசிக்கும்போது வெரல் நுனியெல்லாம் ஜிவ்வுனு கூசுச்சுண்ணே. அந்தம்மாவுக்கு அருள் வந்துச்சுல்லா, எனக்கும் அம்மன் கையில எறங்கிட்டான்னு நெனச்சேன். அன்னையிலேருந்து ரூம்ல வாசிச்சாலும் கூசுது. கட்டில்ல உக்காந்தா இல்ல, வெறுங்கால தரையில வச்சா வரும். அதுக்குத்தான் செருப்பு போடதில்ல. எங்கம்மைட்டயும் சொல்லிட்டேன்."

மூன்று வாரம். தினமும் ஷிப்ட் முடிந்து வந்து, குளித்த ஈரத்தோடு, தரையில் காலை ஊன்றி, என் கறுப்பு டேப்பை நம்பி அவன் சாமி கும்பிட்டிருக்கிறான்.

அவன் இன்னொன்று கேட்டான். "அப்ப அன்னைக்கு அப்படி வாசிச்சது?" அது நீ வாசித்தது, கரண்டுக்கு கிட்டார் வாசிக்கத் தெரியாது என்று சொன்னேன். அவன் நம்பியதாகத் தெரியவில்லை.

7. புதிய ஆபரேட்டர்களுக்கு

கேள்விக்குப் பதில் இதுதான். திருவிழாவும் பூங்காவும் கஷ்டத்தில் ஒன்றுதான். திருவிழாவில் எனக்குப் பயம் இருந்தது, ஆனால் ஹம் போகவேண்டும் என்ற அவசரத்தில் அதைப் பத்து நிமிஷம் கழற்றி வைத்தேன். பூங்காவில் பயத்தைக் கொண்டுபோகவே இல்லை. கண்ணுக்கு மோசமாகத் தெரிகிற இடத்தில் கை தானாக ஜாக்கிரதையாக இருக்கும். அழகான இடத்தில்தான் உயிர் போகும்.

இன்று என் பெட்டியில் கசிவு வந்தால் தானே லைனை வெட்டும் ELCB இருக்கிறது. மேடைக்குப் போகும் எல்லாக் கரண்டும் அது வழியாகத்தான் போகும், யாருடைய ஆம்ப்பாக இருந்தாலும் சரி. பச்சை ஒயரை நான் தொடுவதில்லை. ஹம் வந்தால் வரட்டும், அரை மணி நேரம் தாமதமாகட்டும், கமிட்டிக்காரர் திட்டட்டும். ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு மைக்கிலும் டெஸ்டர் வைத்துவிட்டு, வாசிப்பவர் ஒவ்வொருவரிடமும் எங்காவது கூசுகிறதா என்று கேட்கிறேன். சிரிப்பார்கள். கேட்டுவிடுங்கள். கூசுகிறது என்று அவர்களாக வந்து சொல்லமாட்டார்கள், அதற்கு அவர்களிடம் ஏதாவது ஒரு நல்ல காரணம் இருக்கும்.

இன்னொன்று சொல்லாமல் விட்டால் இந்தக் குறிப்பு பொய்யாகிவிடும். அன்று பூங்காவில் இருட்டுவதற்கு முன்பே இசக்கி ஊருக்குப் போன் போட்டான். எம்மா, அது அம்மன் இல்லையாம், கரண்டாம், சவுண்டு அண்ணன் ஓடிவந்து ஒயரைப் பிடுங்கினதால பிழைச்சேன் என்றான். ஒயரைக் கழற்றியவன் யார் என்பதைச் சொல்லவில்லை. வேண்டுமென்றே விட்டானா, சொல்லத் தோன்றவில்லையா, இன்றுவரை நான் கேட்டதில்லை. பிறகு போனை என்னிடம் நீட்டினான். அவன் அம்மா பேச வேண்டுமாம்.

"கரண்டு அம்மன் இல்லாட்டா போட்டும்யா. ஒங்கள ஓடவச்சது அம்மந்தான்" என்றார் அந்த அம்மா. எங்கள் குலம் உங்களை மறக்காது என்றார். என்னால் அதைக் கேட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை. அம்மா, அந்த ஒயரைக் கழற்றினதே நான்தான், மாட்ட மறந்ததும் நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

அந்த அம்மா அழப்போகிறாரா, என்னைச் சபிக்கப்போகிறாரா என்று தெரியவில்லை. எதைச் சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்று நின்றேன்.

"எம் புள்ள இப்ப செருப்பு போட்டிருக்கானாய்யா?" என்று கேட்டார்.

நான் இசக்கியின் காலைப் பார்த்தேன். இல்லை அம்மா என்றேன். போடச் சொல்லுங்க என்றார். போனைக் காதில் வைத்தபடியே படிக்குக் கீழே போய், அவன் செருப்பை எடுத்துவந்து அவன் காலடியில் வைத்தேன்.